அக்கவுன்ட் உங்க பேர்ல... கன்ட்ரோல் யார் கையில? பெண்கள் இன்றே சரிபார்க்க வேண்டிய 5 விஷயங்கள்!

"பேங்க் அக்கவுன்ட் என் பேர்லதான் இருக்கு. ஆனா மெசேஜ் எல்லாம் அவர் போனுக்குத்தான் வரும்." நம்ம ஊர்ல பல வீடுகளில் சர்வசாதாரணமாகக் கேட்கும் வார்த்தைகள் இவை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இதில் எந்தத் தப்பும் தெரியாது. ஆனால், அந்தக் கணக்கில் இருக்கும் பணம் உண்மையில் யாருடையது?

பெண்களின் பொருளாதாரச் சுதந்திரம் என்றதுமே வேலை, சம்பளம் என்றுதான் பேச்சு போகிறது. சம்பாதிப்பது முதல் படி. சம்பாதித்த பணம், கிடைத்த உதவித்தொகை, போட்ட நகை, வாங்கிய வீடு ஆகியவற்றின் மீது அவருக்கு என்ன பிடி இருக்கிறது என்பது அடுத்த படி. அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் தாங்களே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் பெண்கள் 78.6 சதவிகிதம். ஆனால், தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருப்பவர்கள் 54 சதவிகிதம் மட்டுமே. யுபிஐ, ஓடிபி என எல்லாமே போனுக்கு வந்துவிட்ட காலத்தில் இந்த இடைவெளி ரொம்பப் பெரியது.

சிறுவாடு சொன்ன பாடம்

அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சிறுவாடு சேர்ப்பது நம் பாட்டிகளுக்குக் கைவந்த கலை. அந்தப் பணத்துக்குக் கணக்கு கேட்க ஆள் கிடையாது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அது மொத்தமும் வெளியே வந்தது. தனிக் கணக்கு இல்லாத பெண்கள், ரகசியமாகச் சேர்த்ததை வீட்டு ஆண்களிடமே கொடுத்து மாற்ற வேண்டியதாயிற்று.

2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டபோது, சுமார் 1.06 கோடி பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் நேரடியாக அவரவர் வங்கிக் கணக்குக்கே அனுப்பப்பட்டது. நோக்கம் சரி. ஆனால் கார்டும் பின் நம்பரும் வேறொருவர் பாக்கெட்டில் இருந்தால், அந்தப் பணத்தை எடுப்பதும் செலவழிப்பதும் அவர் முடிவுதானே?

சரி, எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

1. கணக்கோடு இணைந்திருப்பது யார் போன் நம்பர்?

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். பாஸ்புக், ஆதாருடன் வங்கிக் கிளைக்கு நேரில் போய் விண்ணப்பித்தால் உங்கள் நம்பரை மாற்றிக்கொள்ளலாம். ஏடிஎம் கார்டு, பின் நம்பர் இரண்டும் உங்களிடமே இருக்கட்டும். ரிசர்வ் வங்கியின் 2017 விதிகளின்படி, பின், ஓடிபி போன்றவற்றை நீங்களே பகிர்ந்து, அதனால் பணம் போனால், வங்கியிடம் புகார் செய்யும்வரை ஏற்படும் இழப்பு முழுவதும் உங்களுடையதுதான்.

2. ஜாயின்ட் அக்கவுன்ட்டா? எந்த வகை?

'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்ற வகையில், யார் வேண்டுமானாலும் தனியாகப் பணம் எடுக்கலாம். 'முதலாமவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்றால், முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை அவர் மட்டும்தான் எடுக்க முடியும். உங்கள் பெயர் இரண்டாவதாக இருந்தால், அவர் ஐசியூவில் இருக்கும் நாளில்கூட உங்களால் எடுக்க முடியாமல் போகலாம். இது ஒரு படிவத்தில் போடும் டிக் சம்பந்தப்பட்ட விஷயம். இருவரும் சேர்ந்து எழுதிக்கொடுத்தால் மாற்றலாம்.

3. நாமினி என்றால் சொந்தக்காரர் இல்லை

"நான்தான் நாமினி, அதனால எல்லாம் எனக்குத்தான்" என்று நினைப்பவர்கள் அதிகம். வங்கி டெபாசிட்டைப் பொறுத்தவரை, நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர். உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகள், அவருடைய அம்மா ஆகியோருக்குச் சம பங்கு உண்டு. மற்ற மதத்தினருக்கு வேறு சட்டங்கள். குறிப்பிட்ட ஒருவருக்கே சேர வேண்டும் என்றால் உயில் எழுதுவதுதான் வழி.

4. நகை உங்களுடையது. நகைக்கடன் யார் பேரில்?

பிறந்த வீட்டில் போட்ட நகை சீதனம். அது மனைவிக்கே சொந்தம் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால், அதே நகையைக் கணவர் தன் பெயரில் அடகு வைத்தால், கடன் முடிந்ததும் வங்கி அவரிடம்தான் திருப்பிக் கொடுக்கும். அவசரத்துக்கு வைக்க வேண்டியிருந்தால் கடனை உங்கள் பெயரிலேயே எடுங்கள். நகை வாங்கிய பில், போட்டோ கையில் இருக்கட்டும்.

5. கையெழுத்துப் போடும் முன் படித்தீர்களா?

"சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று ஜாமீன் போட்டாலும், கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் முழுத் தொகைக்கும் நீங்கள் பொறுப்பு. குழுக் கடனை உங்கள் பேரில் வாங்கி வேறொருவர் செலவழித்தாலும் தவணை உங்களுடையதுதான். உங்கள் பேரில் என்னென்ன கடன் ஓடுகிறது என்று தெரிய வேண்டுமா? சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

வீட்டுல இருக்கேன்... எனக்கு என்ன உரிமை?

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டதால்தான் கணவரால் வெளியே சம்பாதிக்க முடிந்தது; எனவே அந்த வருமானத்தில் வாங்கிய சொத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் பல ஆண்டுகள் வழக்கு நடத்தித்தான் அது கிடைத்தது. பத்திரம் பதியும்போதே இருவர் பெயரும் இருந்திருந்தால், கோர்ட் படி ஏற வேண்டியிருந்திருக்காது.

இதெல்லாம் கணவரைச் சந்தேகப்படச் சொல்வதா?

இல்லை. நல்லா இருக்கும் குடும்பத்தில்தான் இதைப் பேசுவது சுலபம். கணவருக்கு உடம்பு முடியாமல் போனால், எந்த வங்கியில் என்ன இருக்கிறது, இன்ஷூரன்ஸ் பாலிசி எங்கே, கடன் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரிந்திருப்பது அவருக்கும் பாதுகாப்புதான். கேட்டவுடன் கோபம் வந்தாலும், "நாளைக்கு ஆஸ்பத்திரி செலவுன்னா நான் யாரைக் கேட்கிறது?" என்று நிதானமாகக் கேளுங்கள்.

அதேசமயம், செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, சீதன நகையை விற்பது போன்றவை 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பொருளாதார வன்முறை. அப்படி நடந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம்.

ஐந்தையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. இந்த வாரம் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், போன் நம்பரை மட்டும் மாற்றுங்கள். அடுத்த முறை பணம் வரும்போது மெசேஜ் உங்கள் போனுக்கு வரட்டும்.