கையொப்பம் மட்டும் போடும் பெற்றோர்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் இருந்த தனிவீடுகள் தொடர்மாடிகளாகிவிட்டதைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. அந்த வீடுகளுக்குள் பிள்ளையின் படிப்பில் தாய் தகப்பனின் பங்கு எப்படி மாறியது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

1945க்கு முன் கொழும்பில் நல்ல படிப்பு என்றால் கட்டணமும் ஆங்கிலமும்தான். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு தாய்மொழிக் கல்வியும் வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தொடங்கி ஐம்பதுகளில் மேல் வகுப்புகளுக்கும் ஏறியது. பெற்றோரின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய மொழியே பிள்ளையின் வகுப்பைத் தீர்மானித்தது. கொட்டாஞ்சேனையில் ஒரே மதிலுக்குள் தமிழ்ப் பிரிவும் சிங்களப் பிரிவும் தனித்தனியே நடந்தன. இந்தப் பிரிப்பு செய்த கேடு நாடறிந்தது. ஆனால் கடைச் சிப்பந்தியான தகப்பனும் இரவில் மகனின் புத்தகத்தை வாங்கிப் புரட்டி நாலு கேள்வி கேட்க முடிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2001இல் உயர்தர விஞ்ஞானப் பிரிவிலும் மறு ஆண்டு ஆறாம் தரத்திலும் ஆங்கில மொழிமூலம் திரும்பி வந்தது. பிறகு அதற்கு இருமொழிக் கல்வி என்று பெயர். தெரிவு இப்போது பெற்றோர் கையில். பங்குதான் சுருங்கிவிட்டது: வான் காசு, ரியூசன் காசு, அபிவிருத்திச் சங்கக் கூட்டம், வட்ஸ்அப் குழு, தேர்ச்சி அறிக்கையில் கையொப்பம். யாழ்ப்பாணத்தில் தமிழில் உயிரியல் படித்து உயர்தரம் சித்தியடைந்த தாய், மகளின் ஆங்கில விஞ்ஞானப் புத்தகத்தின் முன் வாயைத் திறப்பதில்லை. இலை வெயிலில் உணவு தயாரிக்கும் விதம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தும், தன் தமிழ் பிள்ளையைக் குழப்பிவிடும் என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. ஒரு மொழியில் விளங்கிக்கொண்டது மற்ற மொழிக்கும் கைகொடுக்கும் என்று கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கமின்ஸ் 1979இலேயே எழுதினார். எழுபதுகளில் லண்டன் ஹாரிங்கேயில் நடந்த ஓர் ஆய்வில் பிள்ளைகள் பெற்றோருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். ஆங்கிலம் அறியாத பெற்றோரும் அதில் இருந்தார்கள். பிள்ளைகளின் வாசிப்பு உயர்ந்தது.

யாழ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களை ஆராய்ந்து 2008இல் எழுதிய கட்டுரையில், மொழி கைநழுவுவதற்குக் குடும்பத்தை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது என்று காட்டினார். வெளியுலகின் அழுத்தம் வீட்டுக்குள்ளும் வருகிறது. கொழும்புக்கும் இது பொருந்தும். பள்ளிக்கூடங்கள் பெற்றோரைக் கூட்டுவது பெரும்பாலும் புள்ளிக்கும் பணத்துக்கும்தானே!

ஆசிரியர்களே, அடுத்த கூட்டத்தில் இதையும் சொல்லுங்கள்: ஆங்கிலத்தில் படித்த பாடத்தைப் பிள்ளை வீட்டில் தமிழில் விளக்கட்டும், பெற்றோர் தமிழிலேயே கேள்வி கேட்கட்டும்.