யாருக்காக இந்த வசன வரிகள்?

2016-இல் நடந்த 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், சிறந்த மலேசியத் திரைப்பட விருதை ஒரு தமிழ்ப் படம் வென்றது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' அது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவனின் கதை. தமிழ் அறியாத மலேசியர்களும் அதைப் பின்தொடர முடிந்ததென்றால், திரையின் அடியில் ஓடிய வசன வரிகளே காரணம்.

காது கேளாதவருக்கு அந்த வரிகள் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். திரைக்கு வெளியே பேசுவது யார், கதவு தட்டப்படுகிறதா, பாட்டு எப்போது நின்றது என்பதையும் அவர் எழுத்தில்தான் அறிய முடியும். அமெரிக்காவில் ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சி 1972-இலேயே இப்படி வரிகளோடு ஒளிபரப்பானது.

மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழர்களிடையே இன்னொரு கேள்வியும் எழுகிறது: வரிகள் எந்த மொழியில்?

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, முதுமையில் செவித்திறன் குறைந்த பாட்டிக்குத் தமிழ் வரிகள் வேண்டும். பிறவியிலேயே காது கேளாத பேரனின் நிலை வேறு. காது கேளாதோருக்கான பள்ளிகளில் பாடமொழி மலாய். வீட்டில் தமிழ் பேசினாலும் அவன் படித்துப் புரிந்துகொள்வது மலாய் எழுத்தையே. ஆகவே ஈப்போவில் எடுக்கும் ஒரு தமிழ்க் காணொளிக்கு இரண்டு மொழி வரிகளும் தேவை.

கணினி தானாகவே உருவாக்கும் வரிகளை அப்படியே நம்பிவிட முடியாது. சுங்கை சிப்புட் பக்கத்து முதியவர் பெரட்டு, லயம், கிராணி, ஒட்டுப்பால் என்று தோட்டத்துச் சொற்களாகப் பேசிக்கொண்டே போவார். நடுவே மலாய்ச் சொற்களும் கலக்கும். தோட்ட வாழ்க்கையை அறிந்த ஒருவர் உட்கார்ந்து திருத்தினால்தான் அந்த நினைவுகள் பிழையின்றி எழுத்தில் வரும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் காட்டாமல், பொருள் முடியும் இடத்தில் உடைக்க வேண்டும்.

மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் திரைப்படங்களும் அவர்களுக்கு எட்டும் வடிவில் கிடைப்பதை உரிமையாகச் சொல்கிறது. பெரிய நிலையங்கள் செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வசனத்தையும் நேரத்தையும் குறித்த சிறிய எழுத்துக் கோப்பு போதும். யூடியூப்பில் ஒரே காணொளிக்குத் தமிழ், மலாய் கோப்புகளைத் தனித்தனியே சேர்க்கலாம். வேண்டியதைப் பார்ப்பவரே தேர்ந்தெடுப்பார். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா, தோட்டத்துப் பெரியவர்களின் பேட்டி ஆகியவற்றைப் பதிவேற்றும் இளையோர் அடுத்த காணொளியிலேயே இதைத் தொடங்கலாம்.