கூடங்குளம் கணினியில் நுழைந்த தீநிரல்: அலுவலக வலையமைப்புகள் கற்க வேண்டிய பாடங்கள்

மும்பை:

கூடங்குளம் அணுமின் நிலையம் அமைந்திருப்பது தமிழகத்தின் தென்கோடியில். அதை இயக்கும் இந்திய அணுமின் கழகத்தின் தலைமையகம் அமைந்திருப்பது மும்பையின் அணுசக்தி நகரில். கழகத்தின் கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே என்று 2019 அக்டோபர் 30 அன்று கழகம் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய நாள்தான், இது குறித்துப் பரவும் தகவல்கள் பொய்யானவை என்று கூடங்குளம் நிலைய நிர்வாகம் மறுத்திருந்தது.

ஒரே நாள் இடைவெளியில் மறுப்பும் ஒப்புதலும் வெளிவந்ததால், அணு உலையின் பாதுகாப்பு பற்றி ஏற்கெனவே கவலை கொண்டிருந்த கடலோர மக்களிடையே ஐயம் வலுத்தது. உண்மையில் நடந்தது என்ன, நடக்காதது என்ன என்பதைப் பிரித்தறிவது அவசியம். கணினிகளை இணைத்து நடத்தப்படும் எந்தச் சிறிய அலுவலகத்திற்கும் இந்நிகழ்வில் பாடம் உள்ளது.

நடந்தது என்ன?

2019 அக்டோபர் 28 அன்று, இணையப் பாதுகாப்பு ஆய்வாளர் புக்ராஜ் சிங் சமூக ஊடகத்தில் இத்தகவலை வெளிப்படுத்தினார். கூடங்குளம் நிலைய வலையமைப்பின் 'டொமைன் கன்ட்ரோலர்' அளவுக்கு ஊடுருவல் நடந்திருப்பதாக அவர் கூறினார். ஓர் அலுவலகத்தின் அனைத்துப் பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் நிர்வகிக்கும் மையக் கணினியே டொமைன் கன்ட்ரோலர் எனப்படுகிறது. அதைக் கைப்பற்றியவரிடம் அந்த அலுவலகத்தின் சாவிக்கொத்து முழுவதும் சேர்ந்துவிடும்.

இந்திய கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான சர்ட்-இன், செப்டம்பர் 4 அன்றே இதைக் கண்டறிந்து தெரிவித்ததாக அணுமின் கழகத்தின் அறிக்கை குறிப்பிட்டது. அணுசக்தித் துறையின் வல்லுநர்கள் உடனடியாக ஆய்வு நடத்தினர். பாதிக்கப்பட்ட கணினி, நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்துடன் தொடர்புடைய வலையமைப்பைச் சேர்ந்தது என்றும், உலையை இயக்கும் முக்கிய உள் வலையமைப்பு அதிலிருந்து துண்டிக்கப்பட்டது என்றும், நிலையத்தின் இயக்க அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் அறிக்கை விளக்கியது.

அத்தீநிரலின் பெயர் 'டி-டிராக்'. இதைப் பற்றி காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2019 செப்டம்பரில் ஆய்வறிக்கை வெளியிட்டது. இந்திய ஏடிஎம் இயந்திரங்களைக் குறிவைத்த ஒரு தீநிரலை ஆராய்ந்தபோது டி-டிராக் தெரியவந்ததாகவும், இது 'லாசரஸ்' என்ற குழுவின் கைவேலை என்றும் அந்நிறுவனம் கூறியது. விசைப்பலகையில் தட்டச்சு செய்யப்படுவதைப் பதிவு செய்தல், உலாவியின் வரலாற்றைத் திரட்டுதல், வட்டுகளில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடுதல், இயங்கும் நிரல்களையும் ஐபி முகவரிகளையும் சேகரித்தல் ஆகியவை இதன் வேலைகள். எதையும் வெடிக்கச் செய்வதோ நிறுத்துவதோ இதன் நோக்கமன்று. இது ஓர் உளவு நிரல்.

பொதுவெளியில் கிடைத்த நிரல் மாதிரியில், கூடங்குளம் வலையமைப்பைக் குறிக்கும் பெயரும், நிர்வாகிக் கணக்கின் நுழைவு விவரமும், உள் ஐபி முகவரியும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன என்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். எனவே, அந்த நிரலை உருவாக்கியவர்கள் அதற்கு முன்பே அந்த வலையமைப்பைப் பற்றி அறிந்திருந்தனர் என்ற முடிவுக்கே வரவேண்டியுள்ளது.

துண்டிப்பு எவ்வளவு தூரம் காக்கும்?

இயக்க வலையமைப்பை இணையத்திலிருந்து முற்றாகப் பிரித்து வைப்பது மிக வலுவான பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒன்றே போதும் என்று வரலாறு சொல்லவில்லை.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் 2003 ஜனவரியில் 'ஸ்லாம்மர்' என்ற கணினிப் புழு நுழைந்தது. நிலையத்தின் பயர்வால் அதைத் தடுத்திருக்கும். ஆனால் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வலையமைப்பிலிருந்து பயர்வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு தனி இணைப்பு இருந்தது. புழு அவ்வழியே வந்தது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினி அமைப்பு ஏறத்தாழ 5 மணி நேரம் செயலிழந்தது. உலை அப்போது இயக்கத்தில் இல்லாததால் ஆபத்து நேரவில்லை. அந்தப் பலவீனத்தைச் சரிசெய்யும் திருத்தம் சுமார் 6 மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தும் நிறுவப்படவில்லை.

2010இல் வெளிச்சத்துக்கு வந்த 'ஸ்டக்ஸ்நெட்', பென் டிரைவ் வழியாகவும் பரவும் வகையில் எழுதப்பட்டிருந்தது. இணையத்தில் இல்லாத ஈரானின் நத்தான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையமே அதன் இலக்கு.

அணுசக்தி நகருக்கு அருகிலுள்ள டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்திற்கும் இத்தகைய அனுபவம் உண்டு. 1998 மே மாதப் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பின், ஜூன் மாதத்தில் 'மில்வோர்ம்' என்ற குழுவினர் மையத்தின் இணையதளத்தை மாற்றியமைத்து, மின்னஞ்சல்களை நகலெடுத்தனர். அவர்களில் பதின்ம வயதினரும் இருந்தனர்.

ஆகவே, உலையின் இயக்க அமைப்பு பாதிக்கப்படவில்லை என்பதும், நிர்வாக வலையமைப்பு ஊடுருவப்பட்டது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். முதல் உண்மை மக்களின் அச்சத்தைத் தணிக்க வேண்டும். ஆனால் அதைக் காட்டி இரண்டாவதைப் புறந்தள்ளக் கூடாது. பணியாளர் விவரங்கள், ஒப்பந்தங்கள், மின்னஞ்சல்கள் ஆகியவை நிர்வாகக் கணினிகளில்தான் உள்ளன. அடுத்த தாக்குதலைத் திட்டமிடுவோருக்கு அவையே மூலப்பொருள்.

சிறிய அலுவலகங்கள் செய்ய வேண்டியவை

அணுமின் நிலையத்தின் வல்லுநர் படை ஒரு கூட்டுறவுச் சங்கத்திற்கோ, பள்ளிக்கோ, மருந்துக் கடைக்கோ கிடையாது. எனினும், மேற்கண்ட நிகழ்வுகள் உணர்த்தும் அடிப்படைகளைக் குறைந்த செலவில் பின்பற்ற முடியும்.

வலையமைப்பைப் பிரித்தல்: கணக்கு வழக்குகள் உள்ள கணினிகளும், வாடிக்கையாளருக்கு வழங்கப்படும் வைஃபையும், கண்காணிப்பு கேமராக்களும் ஒரே வலையமைப்பில் இருத்தல் கூடாது. பெரும்பாலான ரவுட்டர்களில் 'விருந்தினர் வலையமைப்பு' என்ற வசதி உள்ளது. அதை இயக்கினாலே முதற்கட்டப் பிரிப்பு நிறைவேறும்.

ரவுட்டரைப் பாதுகாத்தல்: தயாரிப்பு நிறுவனம் வைத்த நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்ற வேண்டும். வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரவுட்டரின் மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

நிர்வாகிக் கணக்கைத் தவிர்த்தல்: அன்றாடப் பணிக்குச் சாதாரணப் பயனர் கணக்கே போதுமானது. நிர்வாகிக் கணக்கில் இருந்தபடி மின்னஞ்சல் இணைப்பைத் திறந்தால், உள்ளே வரும் தீநிரலுக்கும் அதே அதிகாரம் கிடைக்கிறது. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நிர்வாகிக் கடவுச்சொல்லை வைப்பது அதனினும் ஆபத்தானது.

இரட்டைச் சரிபார்ப்பு: விசைப்பலகையைக் கண்காணிக்கும் நிரலிடம் எவ்வளவு நீண்ட கடவுச்சொல்லும் சிக்கிவிடும். கைபேசி வழியான இரண்டாம் சரிபார்ப்பு இருந்தால், திருடிய கடவுச்சொல்லை மட்டும் கொண்டு உள்ளே நுழைவது கடினம்.

திருத்தங்களை நிறுவுதல்: இயக்க மென்பொருளின் புதுப்பிப்புகளை ஒத்திப்போடுவது டேவிஸ்-பெஸ்ஸி செய்த தவறைத் திரும்பச் செய்வதாகும்.

பின்கதவுகளை மூடுதல்: கணினிப் பழுது பார்ப்பவரின் வசதிக்காக நிறுவிய தொலைநிலை அணுகல் மென்பொருள், வேலை முடிந்த பின்னும் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் பென் டிரைவைத் தானாகத் திறக்கும் வசதியையும் நிறுத்தி வைக்க வேண்டும்.

காப்பு நகல்: முக்கியக் கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் இருப்பது நல்ல நடைமுறை. ஒரு பிரதியேனும் வலையமைப்பில் இணையாதிருத்தல் அவசியம்.

பாதிப்பு தெரிந்தால்

ஐயத்திற்குரிய கணினியின் வலையமைப்புக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். வைஃபையையும் துண்டிக்க வேண்டும். பதற்றத்தில் வட்டை அழித்து மென்பொருளை மறுபடி நிறுவினால், தீநிரல் எவ்வழியே வந்தது, எங்கெல்லாம் சென்றது என்பதற்கான தடயங்களும் அழிந்துபோகும். கடவுச்சொற்களைப் பாதிக்கப்படாத வேறொரு கணினியிலிருந்தே மாற்ற வேண்டும்.

சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். கணினிச் செயல்பாட்டுப் பதிவுகளை 180 நாட்கள் பேண வேண்டும். பணமோசடிக்கு உள்ளான தனிநபர்கள் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

மறைக்க முற்படுவது எந்த அமைப்புக்கும் இயல்பான முதல் உந்துதல். ஆனால் மறைக்கப்படும் ஒவ்வொரு மணி நேரமும் ஊடுருவியவருக்கே சாதகமாகிறது. கூடங்குளம் நிகழ்வில், தொழில்நுட்பச் சேதத்தை வல்லுநர்கள் ஆய்ந்து வரையறுத்தனர். ஒரு நாள் மறுப்பால் மக்களின் நம்பிக்கைக்கு நேர்ந்த சேதத்தை அவ்வாறு வரையறுக்க இயலாது. அதைத் தவிர்க்கும் வழி, நடந்ததை நடந்தபடி விரைந்து சொல்வதே.