குசினியில் தொடங்கும் ஜேர்மன் பாடம்

ஜேர்மனியில் வாழும் கணவருடன் சேர விரும்பும் மனைவி, விசா பெறுவதற்கு முன்பே அந்நாட்டு மொழியில் ஏ1 என்னும் ஆரம்ப நிலைப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். 2007 ஆகஸ்ட் முதல் இது சட்டம். விதிவிலக்குகள் சில உண்டு. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். 100க்கு 60 புள்ளிகள் தேவை.

மன்னார்ப் பெண்களுக்கு இது சிறிய காரியமல்ல. பரீட்சை நடத்தும் கோதே நிறுவனம் கொழும்பில், சுமார் 300 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. கலியாணம் முடிந்தும் கணவனைப் பிரிந்து காத்திருக்கும் பெண்களைப் பேசாலையிலும் வங்காலையிலும் சந்திக்கிறேன். “இவ்வளவு நீளமான சொல்லெல்லாம் என்ர வாயில நுழையாது மிஸ்” என்பதே அவர்கள் முதலில் சொல்வது.

நீளமான சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும். புட்டுக்குழல், தண்ணீர்க்குடம், மண்சட்டி என்று நாமும் இரண்டு சொற்களைச் சேர்த்துத்தானே பேசுகிறோம்? அவர்களும் அப்படியே. குளிர்சாதனப் பெட்டிக்கு ‘க்யூல்ஷ்ராங்க்’ என்று பெயர். க்யூல் என்றால் குளிர், ஷ்ராங்க் என்றால் அலுமாரி. ஹான்ட் என்றால் கை, டூஹ் என்றால் துணி. ‘ஹான்ட்டூஹ்’ என்பது துவாய். ‘ஹான்ட்ஷூ’ கைக்குப் போடும் சப்பாத்து, அதாவது கையுறை! இதைக் கேட்டுச் சிரிக்காத பெண்ணை நான் கண்டதில்லை. சிரித்துப் படித்த சொல் மறப்பதுமில்லை. பின்லாந்து மொழியிலும் குளிர்சாதனப் பெட்டி ‘யாகாப்பி’, அதாவது ஐஸ் அலுமாரிதான்.

இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் பொருட்களெல்லாம் அஃறிணை. ஜேர்மனிலோ ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் டெர், டீ, டஸ் என மூன்றில் ஒன்று வரும். சேர்ந்த சொல்லில் கடைசிச் சொல்லுக்கு உரியதே முழுச் சொல்லுக்கும் உரியது. மஷீனெ ‘டீ’ என்று படித்துவிட்டால், உடுப்புத் தோய்க்கும் ‘வாஷ்மஷீனெ’, பாத்திரம் கழுவும் ‘ஷ்ப்யூல்மஷீனெ’ இரண்டும் ‘டீ’தான்.

பிறமொழிச் சொல் நமக்குப் புதிதல்ல. குசினி, அலுமாரி, சப்பாத்து மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள். அவர்கள் 1560 முதல் 1658 வரை மன்னாரை ஆண்டார்கள். பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிமார் அச்சொற்களைத் தமதாக்கிக் கொண்டார்களே!

சாமான்களில் பெயரெழுதிய கடதாசித் துண்டுகளை ஒட்டுங்கள். நாளுக்கு ஐந்து போதும். வாய்விட்டுச் சொல்லுங்கள், முதற் பகுதியை அழுத்திச் சொல்லுங்கள். வீட்டுச் சாமான்களோடு நிற்காமல் விலை, நேரம், முகவரி சொல்லவும் பழகுங்கள்.

மாமிமாருக்கும் ஒரு வேண்டுகோள். மருமகள் படிக்கும் ஒரு மணி நேரம் அடுப்பை நீங்கள் பாருங்கள். பாஷை தெரியாமல் போகும் பெண், டாக்டரிடம் தன் வருத்தத்தைச் சொல்வதற்கும் இன்னொருவரின் வாயை நம்பியிருக்க வேண்டும். பரீட்சை விசாவோடு முடிந்துவிடும். அந்த மொழியோ அவளுக்கு அங்கே தினமும் வேண்டும்.