நின்று நின்று மேலே வந்தவர்

சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் குறைந்ததும், கரைந்திருந்த வாயு வெளியேறுகிறது. ஆழ்கடலில் மூழ்கியவர் சட்டென்று மேலே வந்தால் அவர் உடலிலும் இதுவே நிகழும். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுகளை வதைக்கும், உயிரையும் பறிக்கும்.

அழுத்தம் பாதியாகும்வரை விரைந்து ஏறலாம், பிறகு நின்று நின்று வரவேண்டும் என்றார் உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன். ஆடுகளைக் கொண்டு சோதித்தார். கடலில் இறங்க மனிதர் வேண்டுமே! பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட் டேமன்ட் முன்வந்தார். 1906-இல் ஸ்காட்லாந்துக் கடலில் 64 மீட்டர் இறங்கி நலமாகத் திரும்பினார்.

1917 ஜனவரியில் 'லாரன்டிக்' கப்பல் கண்ணிவெடியில் சிக்கி அயர்லாந்துக்கு அருகே மூழ்கியது. அதில் 3,211 தங்கக் கட்டிகள்! ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்திலிருந்து அவற்றை மீட்கும் பொறுப்பு டேமன்டிடம் வந்தது. 1924-க்குள் அவர் குழு 3,186 கட்டிகளை மீட்டது. மூழ்கியவர்களில் ஒருவரும் இறக்கவில்லை.

நீங்களே கணக்கிடுங்கள். 10 மீட்டர் நீர், 1 வளிமண்டல அழுத்தம். 40 மீட்டரில், மேலுள்ள காற்றையும் சேர்த்து, மொத்தம் 5. அதில் பாதி 2.5. அப்படியானால் ஹால்டேன் விதிப்படி முதலில் எந்த ஆழத்தில் நிற்கவேண்டும்? 15 மீட்டர்! இன்றைய விதிகள் இன்னும் எச்சரிக்கையானவை; ஆனால் நின்று ஏறும் வழக்கம் மாறவில்லை.