கிண்டிக் குத்தகையின் கணக்கு

2024 செப்டம்பரில் எங்கள் பகுதியில் எங்கு பார்த்தாலும் கோல்ப் பற்றிய பேச்சாகவே இருந்தது. பியர்பொன்ட்ஸிலிருந்து ஜாக் பிசார் பாலத்தைக் கடந்தால் பிசார் தீவு. அங்குள்ள றோயல் மொன்றியல் கோல்ப் கிளப்பில் 'பிரசிடென்ற்ஸ் கப்' போட்டி நடந்தது. அதே மாதம் 9ஆம் திகதி, சென்னை கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் வளாகத்துக்கு தமிழக அரசு சீல் வைத்தது. குதிரைப் பந்தயத் திடல் என்று நாம் அறிந்த அந்த வளாகத்துக்குள்தான் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் பதினெட்டுக் குழிக் கோல்ப் திடலும் இருந்தது.

என்னோடு ஒரே மெசினில் வேலைசெய்யும் தஞ்சாவூர் நண்பர் கேட்டார்: "சார், நீங்க காமர்ஸ் வாத்தியார்தானே? நூறு வருசக் கிளப் ஒரே நாள்ல எப்படி சார் விழும்?" இடைவேளைப் பதினைந்து நிமிடத்தில் அவருக்குச் சொல்லி முடிக்க முடியாததை இங்கு எழுதுகிறேன்.

மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைக்கப்பட்டது. அது இருக்கும் நிலம் சுமார் 160 ஏக்கர், அரசுக்குச் சொந்தமானது. 1945 ஏப்ரல் முதல் 99 ஆண்டுகளுக்கு அந்நிலம் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. வாடகை ஆண்டுக்கு 614 ரூபாவும் சில அணாக்களும். வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு நாலு ரூபாவும் இல்லை. 1970இல் அரசு வாடகையை உயர்த்த முனைந்தது. உயர்த்துவதற்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்று கிளப் மறுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. இதற்கிடையில் 1986இல் கிளப்பையே கையேற்க அரசு ஒரு சட்டம் இயற்றியது. குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்று கூறி 1996இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதாக்கியது.

வாடகைப் பிரச்சினை மட்டும் தீராமலே கிடந்தது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், வாடகையை உயர்த்த அரசுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 1970 முதல் 2004 வரையான நிலுவையாக 730.86 கோடி ரூபாவைச் செலுத்தும்படியும் உத்தரவிட்டது. மேலோட்டமாக வகுத்தால் ஆண்டுக்கு 21 கோடிக்கு மேல் வருகிறது. அது கட்டப்படவில்லை. 2024 செப்டம்பரில் குத்தகை ரத்தாயிற்று. அதற்குச் சில மாதங்கள் முன், ஜூனில், ஊட்டியில் இதே கிளப் வைத்திருந்த 52 ஏக்கர் பந்தயத் திடலையும் அரசு மீட்டது. அங்கு சொல்லப்பட்ட நிலுவை 822 கோடி.

இங்கு கவனிக்கப்பட வேண்டியது கணக்கின் தன்மையாகும். ஒரு பதினெட்டுக் குழிக் கோல்ப் திடலுக்கு நூறு ஏக்கருக்குக் குறையாத நிலம் தேவை. ஆட வருபவர் பத்துப் பேரானாலும் நூறு பேரானாலும் புல் வெட்ட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பந்தயத் திடலும் இத்தகையதே. இச்செலவுகள் எல்லாம் வருடாந்தக் கணக்கில் தெரியும். மிகப் பெரிய செலவான நிலத்தின் பெறுமதி மட்டும் தெரியாது. அந்த இடத்தில் 614 ரூபா என்றே எழுதப்பட்டிருக்கும். உறுப்பினர் சந்தாவும் உணவக வருமானமும் செலவை ஈடுசெய்கின்றன, கிளப் செழிப்பாக இருக்கிறது என்று கணக்காய்வாளரும் ஒப்பமிடுவார். கணக்கில் பிழை இருக்காது. ஆனால் கிண்டியில் நிலம் விலையேறிய ஒவ்வொரு ஆண்டும் அந்தச் செழிப்பின் ஒரு பகுதியை ஊர் மக்கள் கொடுத்து வந்தார்கள் என்பது அதில் எழுதப்பட்டிராது. ஆகவே 2024இல் நடந்ததைத் திடீர் வீழ்ச்சி என்று நான் கொள்ளவில்லை. 1970இலிருந்து ஏறிவந்த கடன் அன்று வாசலுக்கு வந்தது, அவ்வளவே.

பாலத்துக்கு அப்பால் உள்ள றோயல் மொன்றியலும் பழைய கிளப்தான், 1873இல் தொடங்கியது. மவுண்ட் றோயல் அடிவாரத்தில் தொடங்கி, டோர்வல் பக்கம் போய், 1959இல் பிசார் தீவுக்கு வந்தது. நகரம் நெருங்க நெருங்க அது இடம்பெயர்ந்தது. கிண்டிக் கிளப்போ நகரம் தன்னைச் சூழ்ந்த பின்னரும் பழைய வாடகையோடு அங்கேயே இருந்தது.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒரு தரப்பு மட்டும் மாற்றலாமா என்ற கேள்வி அற்பமானதல்ல. 2044 வரை குத்தகை உண்டென்று நம்பியிருந்த கிளப்பை முறையாகக் கேட்காமல் ஒரே நாளில் பூட்டலாமா என்பதும் அப்படியே. கோல்ப் ஆடியவர்கள் வாடகைத் தகராறில் ஒரு தரப்பே அல்ல. ஆயினும் அவர்களது திடலும் அதற்குள் அகப்பட்டது. குதிரை பராமரிப்பவர்களும் புல் வெட்டுபவர்களும் யாருக்கும் கடன்பட்டவர்களல்லர். வழக்குகள் பின்னரும் தொடர்ந்தன.

ஆனால் அதே சென்னையில் இன்னொரு வகை வெளியேற்றமும் நடந்தது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடிசைவாசிகள் நகருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுக்காக ஐம்பது வருடம் வழக்குப் பேச யாரும் இருக்கவில்லை. அரசு நிலத்தில் இருந்தவர்கள்தான் இரு தரப்பும். ஒரு தரப்புக்குக் கால அவகாசம் அரை நூற்றாண்டு. மறுதரப்புக்கு அது கிடைக்கவில்லை.

எங்களுக்கான அவகாசம் எவ்வளவு? கியூபெக் சட்டப்படி வாடகை மூன்று வாரத்துக்கு மேல் பிந்தினால், ஒப்பந்தத்தை முடிக்கும்படி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றைக் கேட்கலாம். கடந்த பனிக்காலம் எங்கள் தொழிற்சாலையில் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். பதினெட்டாம் நாள் வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, கலண்டரை மட்டும் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் கணக்கியல் படிப்பித்த காலத்தில் 'நிலுவை' என்ற சொல்லை எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்தப் படிக்கட்டில் நின்றபோதுதான்.

இதில் எங்கள் சங்கங்களுக்கும் ஒரு பாடம் உண்டு என நினைக்கிறேன். நாங்கள் தமிழ் வகுப்பு வைக்கும் தேவாலய நிலவறை, ஆண்டு விழா நடத்தும் பாடசாலை மண்டபம் எல்லாம் யாரோ ஒருவரின் தயவில் குறைந்த வாடகைக்குக் கிடைப்பவை. பொதுக்கூட்டத்தில் மிச்சப் பணத்தை வாசித்துக் கைதட்டுகிறோம். சந்தை வாடகை கொடுத்திருந்தால் மிச்சம் வந்திருக்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் கேட்கலாம் என்றிருக்கிறேன். மாஸ்டர் குழப்புகிறார் என்று சிலர் சொல்லக்கூடும். பொருளாளர் அந்த எண்ணையும் ஒரு தாளில் எழுதிவைத்தால் போதும். தயவு முடியும் நாளில் என்ன செய்வதென்று முன்கூட்டியே பேச அது உதவும்.