நெல்லின் சர்க்கரையை உண்ணும் பாக்டீரியா: அறிய வேண்டியதும் கேட்டுப் பெற வேண்டியதும்

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர், தா.பழூர் வட்டாரங்களில் சம்பா நெல் தூர் கட்டும் நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வலுக்கும். காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த சில நாட்களில், இலை நுனியிலிருந்து ஓரமாக மஞ்சள் கோடு இறங்கி, வைக்கோல் நிறத்தில் காயத் தொடங்கும். தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியா போடுபவர்கள் உண்டு. வந்திருப்பது பாக்டீரியா இலைக்கருகல் என்றால், அந்த யூரியாவே நோயை முற்றச் செய்துவிடும்.

நோய் பிழைக்கும் வழி

இலை வெயிலில் தயாரிக்கும் சர்க்கரைதான் வேருக்கும் தூருக்கும் கதிருக்கும் உணவு. செல்லுக்குள் இருக்கும் சர்க்கரையை வெளியே அனுப்ப, ‘ஸ்வீட்’ என்று பெயரிடப்பட்ட புரதங்கள் வாசலாக இருக்கின்றன. இலைக்கருகலை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற பாக்டீரியா, இலை ஓரத்து நீர்த்துளைகள் வழியாகவோ காயத்தின் வழியாகவோ நுழைந்து, செடிக்குள் நீர் ஏறும் குழாய்களில் குடியேறுகிறது. அங்கே சர்க்கரை மிகக் குறைவு. அதனால் தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தி, சர்க்கரை வாசலுக்கான மரபணுவை முடுக்கிவிடுகிறது. திருடன் வீட்டுக்காரரின் கையாலேயே பூட்டைத் திறக்க வைப்பது போன்றது இது. இந்த உண்மை 2010இல் ஆய்வாளர்களால் வெளிக்கொண்டுவரப்பட்டது. பெரம்பலூர் மானாவாரிப் பருத்தியைத் தாக்கும் பாக்டீரியாக் கருகல் நோயின் கிருமியும் இதே சாந்தோமோனாஸ் பேரினத்தைச் சேர்ந்ததுதான். அதிலும் சில வகைகள் பருத்தியின் சர்க்கரை வாசலைத் திறக்கின்றன என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

பாக்டீரியாவின் பிடியில் சிக்காத வாசல் கொண்ட நெல் உண்டு. எக்ஸ்ஏ13 என்ற மரபணு உள்ள பயிரில், சர்க்கரை வாசலை முடுக்க வேண்டிய இடத்தில் பாக்டீரியாவின் புரதம் பொருந்தாது. கிருமிக்கு உணவு கிடைக்காமல் நோய் அடங்கிவிடுகிறது. இதையும் வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் பி.பி.டி. 5204 ரகத்தில் சேர்த்து, ஹைதராபாத்தின் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சி.சி.எம்.பி. ஆய்வகமும் உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008இல் வெளியானது. ஒரே ஒரு மரபணுவை மட்டும் நம்பினால், மாறிவரும் கிருமி ஒருநாள் அதைத் தாண்டிவிடக்கூடும். மூன்றையும் சேர்த்ததற்குக் காரணம் அதுதான்.

வீட்டிலேயே செய்யும் சோதனை

காய்ந்த பகுதியும் பச்சைப் பகுதியும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுவாய் நீரில் மூழ்கும்படி வையுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை கசிந்து இறங்கினால் அது பாக்டீரியா. கசியாவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். பூஞ்சாணக் கொல்லி வாங்கும் செலவு இந்த ஒரு சோதனையில் மிச்சமாகும்.

செய்ய வேண்டியவை

நோய் கண்ட வயலின் நீரைப் பக்கத்து வயலுக்குப் பாய விடாதீர்கள். நடவின்போது நாற்று நுனியைக் கிள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் காயமே கிருமிக்கு வழி. யூரியாவை நிறுத்தி வையுங்கள். அடுத்த பருவத்தில் மண் பரிசோதனைப்படி பிரித்துப் போடுங்கள், சாம்பல் சத்தைக் குறைக்காதீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை, நோய் தென்பட்டதும் ஒருமுறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கலாம்.

ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலந்த மருந்தைக் கடையில் சொன்னார்கள் என்று வாங்கி அடிப்பது ஆபத்து. இவை மனிதருக்கான மருந்துகளும்கூட. வயலில் கண்டபடி தெளித்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். இந்தக் கலவையை வேளாண்மையில் தடைசெய்யும் வரைவு ஆணையை ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. எந்த மருந்தானாலும் வேளாண் அலுவலரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

காப்பீடு: எது கிடைக்கும், எது கிடைக்காது

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி செலுத்தும் பிரீமியம், காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். நோயால் வரும் மகசூல் இழப்பும் இதில் அடங்கும். ஆனால் உங்கள் ஒரு வயலைப் பார்த்துத் தொகை தர மாட்டார்கள். அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதிலும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் சராசரி மகசூல் குறைந்திருக்க வேண்டும். வயல் நீரில் மூழ்குவது போன்ற உள்ளூர்ப் பேரிடருக்கு விதி வேறு: அந்தப் பருவத்தின் அறிவிப்பில் நெல்லுக்கு அது சேர்க்கப்பட்டிருந்தால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும்போது தனி வயலும் மதிப்பிடப்படும். மழையும் நோயும் சேர்ந்து வரும் சம்பாவில் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. புகாருக்கு அழைக்க வேண்டிய எண் 14447.

ரசீதே ஆதாரம்

விதையோ மருந்தோ தரமற்றது என்றால் நீங்கள் நுகர்வோர். விவசாயி நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வழக்கிடக் காலவரம்பு 2 ஆண்டுகள். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. சொன்ன மகசூலைத் தராத பதிவு பெற்ற ரக விதைக்கு இழப்பீடு கோரும் உரிமை, 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்திலும் இருக்கிறது.

இந்த உரிமைகளுக்கெல்லாம் அடிப்படை ஆதாரம். லாட் எண் எழுதிய ரசீது, விதைப் பையின் அட்டை, பையில் மிச்சம் வைத்த ஒரு கைப்பிடி விதை, தேதியோடு எடுத்த வயல் படங்கள் ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். பாதிப்பு தெரிந்ததும் வேளாண் உதவி இயக்குநருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கடைக்காரர் ரசீது தர மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

பெரம்பலூர்க்காரர்கள் வாலிகண்டபுரத்திலும், அரியலூர்க்காரர்கள் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம். கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551. நுகர்வோர் உதவி எண் 1915. நோய் வந்த பின் அடிக்கும் மருந்தைவிட, விதை வாங்கும் அன்றே இந்த ரகத்துக்கு இலைக்கருகலைத் தாங்கும் திறன் உண்டா என்று கேட்பது பெரிய காவல். அடுத்த சம்பாவுக்கு விதை எடுக்கப் போகும்போது அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகே பணம் கொடுங்கள்.